தம்பிக்குக் காட்டிய முதுகு

என்னங்க,

இட்லி ஹாட்பேக்கில் இருக்கிறது. நான் கருவடிக்குப்பத்தில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன். பத்து மணிக்கு உங்கள் தம்பி அந்துவான், மகள் கல்யாணப் பத்திரிகையோடு வருகிறார். கதவைத் திறக்க உங்களைத் தவிர ஆள் இருக்கக் கூடாது என்றுதான் கிளம்புகிறேன்!

இந்தத் தவக்காலத்தில் மீனை விட்டீர்கள், சர்க்கரையை விட்டீர்கள், தம்பியையும் சேர்த்து விட்டுவிட்டீர்கள். கோயிலில் நீங்கள் பாடியதைக் கேட்டு அவர் சிரித்தது தப்புதான். ஆனால் ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரத்தில், முன்வரிசை, பக்கத்து வரிசை, தூண், மின்விசிறி எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டீர்கள். நேர் பின்னால் நின்ற தம்பிக்கு மட்டும் முதுகு! மாடத்தில் நிற்கும் புனிதர் சுரூபங்களே எட்டிப் பார்த்தன.

வெளியே வந்ததும் அவர் என்னிடம், "அண்ணி, அண்ணன் வரலன்னா நான் யாரை முன்னால நிறுத்திக் கல்யாணம் பண்ணுவேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

டிகாஷன் இரண்டு பேருக்குப் போட்டிருக்கிறேன்.

பிலோமின்

பி.கு: மன்னிப்பு, பிரசங்கம் எதுவும் வேண்டாம். கதவைத் திறந்து "வாடா" என்றால் போதும். அதை ஆண்டவர் பத்து ஜெபமாலையாக எழுதிக்கொள்வார். நான் பேசி வைத்திருக்கிறேன்.