மூன்றாவது தட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி தேவலையா? நான் நலம். டான்யூப் ஆற்றுக் கொசுக்கள் என்னைவிட நலம்.

நேற்று ஆற்றங்கரையில் குப்பை பொறுக்கி முடித்ததும், வீட்டுக் குப்பையைக் குறைக்க ஆளுக்கொரு உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள்.

"உங்க வீட்ல எது அதிகமா வீணாகுது?" என்று முகாம் நடத்தும் ரோடிகா அக்கா கேட்டாள்.

"சோளக்களி. தினமும் ஒரு தட்டு."

"யாருக்குடி வைக்கிறீங்க, பேய்க்கா?" என்றான் பக்கத்திலிருந்த ஹோரியா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கை கழுவப் போவதுபோல் எழுந்துபோய் அழுதேன்.

அம்மா இறந்த பிறகும் நீங்கள் அவளுக்கும் சேர்த்தே கிண்டுகிறீர்கள். உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நானே கொட்டிவிடுகிறேன். இனி இரண்டு பேருக்குத்தான் என்று உறுதிமொழி எடுத்துவிட்டேன். கோபமா அப்பா?

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். தபால் படகு கிளம்புகிறது.

நான் வரும்வரை அளவைக் குறைக்க வேண்டாம். இரண்டு பேருக்கு மட்டும் கிண்டும் முதல் நாள் சேர்ந்தே கிண்டுவோம்.

உங்கள் ஸ்மரண்டா