காது மிஷினுக்குப் பற்றரி

வெள்ளவத்தை,
04.03.2024

அன்புத் தங்கச்சி லோஜனா,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாயிருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். காது மிஷினுக்கு ஒரு பற்றரி ஒரு கிழமையாவது நிற்க வேண்டும். உனக்கு அடுத்த நாளே முடிகிறதாம், அம்மா சொன்னா. உப்புக்காற்று உள்ளே போகிறதா? குளிக்கும்போது கழற்றுகிறாயா? நான் லிப்ட் திருத்துகிறவன். காரணமில்லாமல் ஒன்றும் பழுதாகாது. புதுப் பற்றரியின் மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்தால் பாவிக்காவிட்டாலும் பற்றரி இறங்கும், அதையும் கவனி. போனில் கதைத்தால் உனக்கு விளங்காது, அம்மாவின் போனுக்கு எழுதினால் அம்மா வாசிப்பா. ஆகையால் கடிதமே எழுது. புதுப் பற்றரிப் பக்கற் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன்.

அண்ணா,
கோபிசங்கர்

நயினாதீவு,
12.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

பற்றரி கிடைத்தது. மிஷினில் பிழையில்லை. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ.

வகுப்பில் ஜெனுஷனும் கூட்டமும் என்னோடு கதைக்கிற மாதிரிச் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பினம். பற்றரி முடிஞ்சுபோச்சு என்று நினைச்சுப் பழசை எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுவன். "செவிடி, இன்னொண்டு மாத்தடி!" என்று கத்துவினம். அது மட்டும் வடிவாய்க் கேட்கும்.

தனுசியாவும் சிலநேரம் சிரிப்பாள். ஆனால் எனக்குப் பக்கத்தில் இருக்கிறது அவள்தான். இடைவேளையில் தான் சாப்பிடுற பணிசில் பாதி தருவாள். வீட்டுக்கு நடந்து வரேக்க தான் பார்த்த படத்தின்ர கதை முழுக்கக் காதுக்குக் கிட்ட வந்து சொல்லுவாள்.

நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா சொன்னனான்.

தங்கச்சி,
லோஜனா

வெள்ளவத்தை,
20.03.2024

லோஜனா,

சும்மா சொன்னனான் என்றால் என்ன? வலயக் கல்விப் பணிமனைக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டேன். எல்லாருடைய பேரும் போட்டிருக்கிறேன், தனுசியாவினதும். சிரிக்கிறவளும் கூட்டுத்தான். பள்ளிக்கூடம் உன்னைப் பாதுகாக்கத்தான் வேண்டும், அது அவர்கள் செய்கிற உபகாரமில்லை. என்ன நடந்தது என்று உடனே எழுது. பற்றரி இரண்டு பக்கற் இதற்குள் இருக்கிறது.

அண்ணா

வெள்ளவத்தை,
22.04.2024

லோஜனா,

பதிலில்லை. விசாரித்தார்களா இல்லையா என்றாவது எழுதேன். கோபமா? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த அறையில் எனக்கும் கதைக்க ஆளில்லை.

அண்ணா

நயினாதீவு,
09.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

பணிமனையால் வந்து விசாரிச்சவை. என்னை ஒருத்தரும் நக்கலடிக்கக் கூடாது என்று அதிபர் காலைக்கூட்டத்தில் சொன்னவர். இப்ப ஒருத்தரும் வாய் அசைக்கிறதில்லை. என்ர மேசையை ரீச்சருக்குப் பக்கத்தில் தனியப் போட்டிருக்கு.

தனுசியாவையும் விசாரிச்சவை. அவளின்ர அம்மா வாசலில் நின்று எங்கட அம்மாவுக்குச் சொன்னவவாம், "உங்கட பிள்ளையோட பழகி எங்கட பிள்ளைக்குப் பேர் கெட்டது போதும்." தனுசியா இப்ப கோயிலடியால் சுத்தி வீட்டுக்குப் போறாள்.

எனக்குக் கோபமில்லை அண்ணை. நீங்கள் எனக்காகத்தான் செய்தனீங்கள்.

மிஷின் அலுமாரிக்குள் இருக்கு. அம்மா கையைக் காட்டிக் கதைப்பா, அது விளங்கும். இனிப் பற்றரி அனுப்பாதேங்கோ. கடைசியாய் வந்ததில் ஒன்றின்ர ஒட்டுத்தாளும் நான் இன்னும் உரிக்கேல்லை.

தங்கச்சி,
லோஜனா