மக்கும் என்று சொன்ன பை

என் பிரியமான எஸ்தர் அக்காவுக்கு,

சாந்தோமில் நாம் இருவரும் மீன் விற்ற இடத்தில் நீ வெளியூர் போனபிறகு நான் மட்டும் உட்காருகிறேன். எதையும் லேசில் நம்பாத ஆள் நீ. அதனால்தான் இதை உன்னிடம் சொல்லத் தோன்றுகிறது.

நீ போன சில வாரத்தில் ஒரு பை வியாபாரி வந்தான். "அக்கா, இது பிளாஸ்டிக்கே இல்ல. சோளமாவுல பண்ணது. மண்ணுல போட்டா மக்கிடும்" என்றான். முகர்ந்து பார்த்தேன். பழைய கவர் வாசனைதான் வந்தது. இருந்தும் வாங்கினேன். வருகிறவர்களிடம், "தைரியமா எடுத்துக்கினு போங்க, கடலுக்கு ஒண்ணும் ஆவாது" என்று நானே சொல்லிக் கொடுத்தேன். ஏன் சொன்னேன், அக்கா?

மனசு உறுத்தியது. மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பையையும், பக்கத்திலேயே ஒரு வாழையிலைத் துண்டையும் புதைத்தேன். மழைக்காலம் முடிந்து தோண்டினேன். இலை போன இடம் தெரியவில்லை. பை முழுசாகக் கிடந்தது. அதில் அச்சடித்திருந்த பச்சை எழுத்துகூட அழியவில்லை.

அடுத்த முறை அவன் வந்தபோது அதையே நீட்டினேன்.

"தொட்டில மக்காதுக்கா. பெரிய உரக் கிடங்குல, நல்ல சூட்டுல போட்டாதான் மக்கும்."

"அந்தக் கிடங்கு எங்க கீது? நான் குடுக்குற பைய யாரு அங்க கொண்டும்போறா?"

அவன் பைக்கட்டை வண்டியில் ஏற்றத் தொடங்கினான்.

"சரி, இதுல சோளம் கீதா இல்லியா? அத்தயாவது சொல்லு."

"கம்பெனில அப்டித்தான் சொன்னாங்கோ" என்று வண்டியைக் கிளப்பிவிட்டான். பொய் சொன்னானா, அவனுக்கே தெரியாதா?

மறுநாள், வாடிக்கையாக மீன் வாங்கும் அடையாறு டீச்சரம்மாவிடம், "நான் சொன்னது தப்பும்மா" என்றேன். "அப்போ இத்தனை நாளா எங்களை ஏமாத்தினியா?" என்று கேட்டார். தலை நிமிர முடியவில்லை. மறுவாரம் அவர் எவர்சில்வர் டப்பாவோடு வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி பை கிடையாது, டப்பா கொண்டுவாருங்கள் என்று மற்றவர்களிடமும் சொன்னதும் சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே இன்னும் கவர் கிடைக்கிறது.

நேற்று வேறொரு வியாபாரி காகிதப் பை விற்கக் கொண்டுவந்தார். உள்பக்கம் நகத்தால் கீறினேன். மெல்லிசாக, கண்ணாடிக் கவர் போல ஒரு தோல் உரிந்து வந்தது. "இது இன்னாண்ணா?" என்றேன். விசாரித்து வந்து சொல்கிறேன் என்று போயிருக்கிறார். வருவாரா?

அக்கா, இனி எனக்கே தெரியாத ஒன்றை நல்லது என்று யாருக்கும் சொல்லமாட்டேன். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுவேன். வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளித்தாலும் சரி.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா