பதினோரு பெட்டிகள்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்தே எதுவும் கைக்கு அடங்கவில்லை. பிளாஸ்டர் சீக்கிரமே இறுகி இரண்டு அச்சுகள் வீண். "பீச்சாங்கை, இன்னிக்கு வலது கையால கலக்கினியா?" என்றார் டாக்டர். பத்து வருடமாக அதே கிண்டல். பல்லுக்கு கிளிப் போடும் இந்த கிளினிக்கில் அச்சு எடுப்பதும் கம்பி முறுக்குவதும் என் வேலை. முறுக்குவது இடது கையால்.

மதியம் ஒரு போலீஸ்காரர் கடிதத்தோடு வந்தார். போன மாதம் எரிந்த கிடங்கில் ஓர் உடல். அடையாளம் காண பற்களைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே வேலை பார்த்த ஒருவனை அன்றிலிருந்து காணவில்லை. பள்ளியில் படித்தபோது அவனுக்கு கிளிப் போட்டது நாங்கள். அவன் அம்மாவும் கூட வந்திருந்தார். "என் ரத்தத்த எடுத்துப் பாத்து பிரயோஜனம் இல்லைங்க. நான் பெத்த பிள்ளை இல்ல, தத்து எடுத்தது."

பல் தெரிகிற போட்டோ கேட்டார்கள். போனைத் துழாவினார். எல்லாவற்றிலும் வாய் மூடியே இருந்தது. "கிளிப் போட்டப்ப வாயை மூடிச் சிரிக்கப் பழகினான். கழட்டின பிறகும் அப்படியேதான்."

எக்ஸ்ரே அவர்கள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாம். மிச்சம் இருப்பது சிகிச்சை முடிந்தபோது நாங்கள் எடுத்து வைத்த பல் அச்சுப் பெட்டி மட்டும். எடுத்து வரப் போனேன். மேலே இருந்த பெயர்ச்சீட்டு இரண்டாம் முறை ஒட்டியது.  அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

எழுதினாலாவது பயம் குறையுமா?

நாலு வருடம் முன்பு ஏசி தண்ணீர் ஒழுகி அச்சு அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்தது. பதினோரு பெட்டிகளின் சீட்டுகள் கழன்று தரையில் கிடந்தன. அச்சின் அடியிலும் பென்சிலால் பெயரும் எண்ணும் எழுத வேண்டும். அந்தத் தட்டுக்கு நான் எழுதியிருக்கவில்லை. பெட்டி மேல்தான் சீட்டு இருக்கிறதே என்ற சோம்பல். சாப்பாட்டு நேரத்தில், யாரும் பார்க்காதபோது, ஞாபகத்தில் இருந்தபடி திரும்ப ஒட்டினேன். ஞாபகம் என்ன ஞாபகம் — குத்துமதிப்புதான். சிகிச்சை முடிந்த பற்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒழுங்காக நிற்கும். யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கேட்டு வந்துவிட்டார்கள்.

மார்ச் 6, வெள்ளி

அச்சு ஒத்துப்போகவில்லையாம். இறந்தவன் வேறு யாரோ.

அந்த அம்மாவே போன் செய்திருக்கிறார். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் நான். அவள் ஐந்து நிமிடத்தில் கிளினிக் முழுக்க ஒலிபரப்பிவிட்டாள். "ஒரே அழுகை அக்கா, ஒரே சிரிப்பு. கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிருக்கான், வந்துருவான்னாங்க. அவனுக்குப் பல் காட்ட ஏப்ரல் ரெண்டு, பதினோரு மணிக்கு எழுதிக்கச் சொன்னாங்க."

எல்லாருக்கும் சந்தோஷம். நானும் சிரித்தேன். 

மார்ச் 7, சனி

சாப்பாடு இறங்கவில்லை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 9, திங்கள்

உடலைச் சோதித்த தடயவியல் டாக்டரம்மா ஊரில் உள்ள பல் கிளினிக்குகளுக்கெல்லாம் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். உடலின் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் ஒட்டியிருந்த முறுக்குக் கம்பி. பல் திரும்பக் கோணாமல் இருக்க ஒட்டுவது. நாக்கு மறைத்திருந்ததால் தப்பித்திருக்கிறது. இது யார் செய்த வேலை என்று கேட்டிருந்தார். அந்த மாதிரிக் கம்பி ஆயிரம் பேர் வாயில் இருக்கும்.

டாக்டர் போனை நீட்டினார். படத்தைப் பெரிதாக்கினேன். முறுக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறது. இந்த ஊரில் அப்படி முறுக்குகிற கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. அதே கைதான் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறது.

"நம்ம வேலையா இது?"

"தெரியலை சார்."

பொய். சுத்தப் பொய். அவர் ஒரு கணம் என் கையைப் பார்த்தாரோ? பார்த்தார் என்றே தோன்றுகிறது.

மார்ச் 10, செவ்வாய்

ராத்திரி சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "இப்பப் போய்ச் சொன்னா உன் தலைதான் உருளும். அந்தம்மா நிம்மதியா இருக்காங்க. நீ எதுக்கு அதக் கெடுக்கணும்?"

அவர் சொல்வதில் என்ன தப்பு? பயந்தவளுக்கு எல்லாமே சரியாகத்தான் படுகிறது. ஆனா அங்க ஒருத்தன் பேரில்லாம மார்ச்சுவரிப் பெட்டியில கெடக்கானே, அவன என்ன பண்றது? அந்தம்மா வருஷக்கணக்கா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கட்டும்னு விடறதா? யார் பண்ண வேலைக்கு?

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன். முதல் ஆள் வருவதற்கு முன், கதவைச் சாத்திவிட்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை பெட்டி?"

"பதினொண்ணு சார்."

என் எதிரிலேயே தடயவியல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். இன்று முழுக்க அவர் என்னைப் பீச்சாங்கை என்று கூப்பிடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பதினோரு பெட்டிகளையும் டாக்டரம்மா பார்த்துவிட்டார். மூன்றாவது பெட்டி உடலோடு ஒத்துப்போகிறது, கடைவாய்ப் பல்லின் உடைந்த முனை வரைக்கும். ஆனால் அது யாருடையது? "மத்தப் பத்து பேரும் உயிரோட வந்து அவங்கவங்க அச்சக் காட்டிக் கொடுக்கணும். அப்பத்தான் இது அவன்னு எழுதுவேன்," என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை இந்தப் பெட்டிகளை நம்பி ஏமாந்தவர், நியாயம்தான்.

அந்தப் பத்துப் பேரைத் தேடி இன்று மட்டும் முப்பது போன். அந்த அம்மாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்றார் போலீஸ்காரர்.

மார்ச் 16, திங்கள்

ஆறு பேர் வந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு. ஒருவர் "இலவசமா சுத்தம் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.  அச்சு பொருந்தினால் அப்பாடா என்று இருக்கிறது, அடுத்த நொடியே பயம். இங்கே ஒருவர் உயிரோடு எழுந்து போகப் போக, அந்த அம்மாவின் நம்பிக்கையில் ஒரு பங்கு குறைகிறது. நாலு பேர் பாக்கி. யாராவது ஒருவர் வராமல் இருந்துவிட்டால் என்று வேண்டிக்கொண்டேன். வராதவர் செத்திருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் என்பது அப்புறம்தான் உறைத்தது. என்ன மனசு இது.

மார்ச் 18, புதன்

பத்தாவது ஆள் வெளியூரிலிருந்து வந்துவிட்டார். பொருந்திவிட்டது.

மூன்றாவது பெட்டிக்கு மிச்சம் இருப்பது ஒரே பெயர். போலீஸ்காரர் சாயங்காலம் அந்த அம்மா வீட்டுக்குப் போனார்.

மார்ச் 19, வியாழன்

வேலையை விட்டுவிடுவதாக டாக்டரிடம் சொன்னேன். "போயிட்டா? உள்ள ரெண்டாயிரம் அச்சு இருக்கு. ஒண்ணு விடாம அடியில பாத்து, பேர் இல்லாததுல எழுது. எழுதி முடிச்சிட்டு வா, பேசுவோம்." முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

முதலில் மூன்றாவது பெட்டியை எடுத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

நோட்டில் அவன் பேருக்கு எழுதியிருந்த அந்தப் பதினோரு மணியை அடித்துவிட ரேடியோவுக்கு மனசு வரவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு அந்த அம்மா தனியாக வந்தார். சீட்டை மாற்றி ஒட்டியது யார் என்று கேட்டார்; ரேடியோ என்னைக் காட்டினாள். எழுந்து நின்றேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"செத்தது அவன் இல்லன்னாங்க. பன்னெண்டு நாள் அவனுக்கும் சேத்து சமைச்சேன்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "எடுத்து வச்சதெல்லாம் மறுநாள் நானே சாப்பிட்டேன்."

 அவர் அச்சைப் பார்க்க வேண்டும் என்றார். மேலே கீழே இரண்டையும் அவர் கையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். முன்பற்களை விரலால் தடவினார்.

"வரிசையாத்தான் இருந்திருக்கு. எனக்குக் காட்டவே இல்ல பாருங்க."

பிறகு அச்சைத் திருப்பினார். அடியில் பென்சிலால் அவன் பெயர், எண். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு இப்பத்தான் எழுதினதா?"

"ஆமாம்மா," என்றேன்.