திரும்பி வரும் வழியில் பச்சைப் பெயின்ட்

இன்று காலை மகள் வீட்டுக் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னப்பா, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். உங்கம்மாவிடம் ஒருநாள் தோற்றதை நினைத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நீ கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது, புள்ள.

றொசல்ல தேயிலைத் தோட்டத்தில் நான் வாடகைக் கார் ஓட்டிய காலம் அது. தீபாவளிக்குக் கார் பளபளக்க வேண்டுமென்று, முன்விளக்கு இரண்டையும் கழற்றி, சக்கரத்துக்கு மேலுள்ள தகர மட்காட்டுக்கெல்லாம் பச்சைப் பெயின்ட் பூசி மறுபடி பூட்டினேன். நம் லயத்து வீட்டு வாசலில் நின்று நீதான் முதலில் மெச்சினாய். மறுநாள் பகல் மூன்று மணிக்கே உனக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சி, "புள்ள குறுக்க கெடக்கு, இங்க வச்சுப் பாக்க முடியாது. உடனே ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!" என்று பதறினாள். வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். ஒரு பக்கம் பள்ளம், எதிரே தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி வரும் ரோடு. உன்னைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். முன்விளக்கு இரண்டும் எரியவில்லை!

பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, ஹார்ன் அலறியது. அப்படியென்றால் பேட்டரியில் குறையில்லை. பல்பைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே இழை அறவில்லை. விளக்குக்கு வரும் வயரின் நுனியைப் பம்பரில் உரசினால் பொறி பறந்தது. கரண்ட் வருகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை.

பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நீ கத்தினாய். "ஏங்க, போற கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வந்தாத்தான் எரியும்னு சொன்னீங்கல்ல? எது வழியா திரும்பும்?"

"அதுக்குத் தனி வயர் இல்ல. காரோட தகரந்தான் வழி. பாடம் கேக்குற நேரமா புள்ள இது?"

"அந்த வழியிலதானே நேத்து பெயின்ட பூசி அடைச்சு வச்சிருக்கீங்க!"

அடடா! விளக்கு மட்காட்டில் உட்காரும் இடம் முழுக்க என் கைவண்ணம். பெயின்டைத் தாண்டிக் கரண்ட் போகுமா? நட்டைத் தளர்த்தினேன். சுரண்ட ஒன்றும் கையில் அகப்படவில்லை. நீ கொண்டையிலிருந்து ஊசியை உருவி நீட்டினாய். இரும்பு மினுங்கும்வரை சுரண்டி, நட்டை முறுக்கினேன். பளிச்! பனிக்குள் மஞ்சளாய் ஒரு பாதை விழுந்தது. நான் சின்னப்பிள்ளை மாதிரி துள்ளினேன். அடுத்த விளக்கிலும் கை வைக்கப் போனவனை, "ஒத்தக் கண்ணு போதும், வண்டிய எடுங்க!" என்று விரட்டினாய்.

ஒற்றைக் கண்ணோடு ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் இரண்டு உயிரையும் மீட்டுத் தந்தார். குறுக்கே கிடந்த அந்தப் பிள்ளைதான் இன்று காலை, ஏன் சிரிக்கிறீங்க என்று கேட்டவள்.

அந்த ஊசி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தினமும் உன்னிடம் பேசுகிறேன். பேச்சு போகிறது, திரும்பி வரத்தான் காணோம். எந்த இடத்தில் பூசி அடைத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லு புள்ள, சுரண்டிவிடுகிறேன்.