ஐந்து மாதம் தள்ளிப்போனது

லம்பாசா,
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள தோரிக்காவுக்கு,

உலமிலா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் நலம்தானே? பிரிஸ்பேன் முதியோர் இல்லத்தில் பகல் வேலை மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். சந்தோஷப்பட்டேன். உண்மையாகத்தான்.

இங்கே நம் தீவில் மழை விட்டு வெயில் கொளுத்துகிறது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து காலை எட்டரைக்கு வந்து படுத்தால், பத்து மணிக்கே தகரக் கூரை அடுப்பாகிவிடுகிறது. ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினாலும் விழித்துக்கொள்கிறேன். மூன்று மணி நேரம் தூங்கினால் பெரிது. இரண்டு நாளில் காலை வேலை, பிறகு மறுபடி இரவு.

உன்னிடம்தான் சொல்ல முடியும். ஐந்து மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது. சோதித்துப் பார்த்தேன், கர்ப்பம் இல்லை. செமி நம்பவில்லை. "அந்தக் குச்சிக்கு என்னடி தெரியும்?" என்று தொட்டிலுக்குப் பலகை வாங்கி வந்துவிட்டார். கல்யாணமாகி எட்டு வருடக் காத்திருப்பு, அவரைச் சொல்லி என்ன!

முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை, வார்டில் மருந்து கொடுக்கும்போது வந்துவிட்டது. வெள்ளை உடுப்பு வேறு. முதலில் கவனித்தது, கால்விரல் எடுத்த ஒரு நோயாளி. தன் மாற்றுச் சூலுக் கைலியை என் இடுப்பில் சுற்றிவிட்டு, "நர்சம்மா, நீ இந்தக் கட்டில்ல படு, மருந்த நான் குடுக்கிறேன்" என்றாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். பன்னிரண்டு நாளாகிறது, இன்னும் நிற்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றுமில்லை. தூக்கம் கெட்டதால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் மூன்று மாதம் இரவு வேலை வேண்டாம் என்று டாக்டர் சீட்டு எழுதினார். அதைத் தலைமை நர்ஸ் மக்கரேட்டாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, பணிப் பட்டியலையும் பேனாவையும் என் முன் தள்ளினாள். "நீயே எழுதும்மா. உன் பேர அடிச்சிட்டு யார் பேர போடணுமோ போடு" என்றாள். கோபமில்லை, கண் கலங்கியிருந்தது. உனக்குப் பிறகு இந்த வார்டிலிருந்து நான்கு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், தெரியுமா? எனக்குப் பதில் இரவு வேலைக்குப் போட மீதி இருப்பது கெலேரா ஒருத்திதான், இருபத்திரண்டு வயது. தனக்கும் இரண்டு மாதமாக நாள் வரவில்லை என்று போன வாரம்தான் என் காதில் சொன்னாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் இரவு வேலைதான்.

"தோரிக்காகிட்ட கேளு, அங்கயே ஒரு வேலை பாக்கச் சொல்லு" என்கிறார் செமி. அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்க வரவில்லை. நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாயே, அப்போது உனக்கு நீயே என்ன சொல்லிக்கொண்டாய்? அதை மட்டும் எழுது. நானும் கிளம்பினால், கெலேராவைப் பார்க்கும்போது எனக்கும் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

கடவுள் உன் பிள்ளைகளைக் காக்கட்டும்.

என்றும் உன்,
உலமிலா