கண்ணாடிக்கு ஒரு நாடா

ரஃபீனா,

நீ தூங்குகிறாய், அல்லது தூங்குவதுபோல் கிடக்கிறாய். ஐந்தரைக்கு வைட்டிலாவிலிருந்து ஆபீஸ் ஆட்களோடு வேனில் கிளம்புகிறேன். மலையாற்றில் கயாக் படகு ஓட்டிப் பார்த்துத்தான் தீருவேன். சாயா போடவில்லை; பாத்திரச் சத்தத்தில் நீ எழுந்தால் மறுபடி சண்டைதான். கரிமீனில் மசாலா தடவி வைத்திருக்கிறேன், வந்து நானே பொரிக்கிறேன். உன் பச்சைப் பாவாடை நாடாவை உருவி எடுத்திருக்கிறேன், என் மூக்குக் கண்ணாடியைத் தலையோடு கட்ட. அது ஆற்றோடு போனால் எனக்குப் பாறை தெரியாது.

“நீந்தத் தெரியாத மனுசனுக்கு ஆத்துல என்ன வேலை?” என்று கேட்டாய். அதற்குத்தான் லைஃப் ஜாக்கெட் தருகிறார்களே.

பரீத்

பி.கு.: அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். கோபத்தில் அண்ணன் நம்பரை எழுதினேன். இப்போது அதை மாற்றி உன்னுடையதை அனுப்பிவிட்டேன். தெரியாத நம்பர் வந்தால் நீ எடுக்கவே மாட்டாய். இன்று மட்டும் எடு.